எனக்கு மட்டும் கேட்ட குரல்

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துச் சாத்திக்கொள்கிறீர்களா அண்ணாச்சி? காற்று பிடிக்காது என்றில்லை. காற்றுச் சத்தத்தில் போன் அடிப்பது கேட்காமல் போய்விடும். சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். மணியும் அடிக்கும், நடுங்கவும் செய்யும். ஆனால் இந்த பஸ்ஸும் நடுங்குகிறது, நானும் நடுங்குகிறேன். எது எதனுடைய நடுக்கம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகிறேன். வீட்டம்மா வருகிறாள், ஆவுடை. பகல் பன்னிரண்டு பத்துக்கு விமானம் இறங்க வேண்டும். இப்போது மணி என்ன? பன்னிரண்டு நாற்பதா? நாம் இன்னும் மார்த்தாண்டமே தாண்டவில்லை. இறங்கியதும் யார் போனையாவது வாங்கிக் கூப்பிடுகிறேன் என்றாள். கூப்பிடவில்லை. விமானத்தில் ஏறினாளா, ஏற விட்டார்களா, அதுவே எனக்குத் தெரியாது. நேற்றுச் சாயங்காலம் 'கிளம்புதேன்' என்று ஒரு வார்த்தை எழுத்தில் வந்தது. அவ்வளவுதான்.

பயமா? பயம்தான். சும்மா சொல்வானேன்.

நான் குடிநீர்த் திட்டத்தில் நீரேற்று நிலைய ஆப்பரேட்டர். சேரன்மகாதேவிப் பக்கம், ஆற்றங்கரை. இருபத்திரண்டு வருசமாக ராத்திரி வேலை. மூன்று மோட்டார் ஓடும். அந்த இரைச்சலுக்குள் நின்று நின்று எனக்குக் கத்திப் பேசியே பழக்கம். இப்போதும் கத்துகிறேனா? முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். மன்னிக்க வேண்டும். படிப்பு பத்தாவதுதான். மற்றதெல்லாம் நானே படித்துக்கொண்டது. மோட்டார் தன் பாட்டுக்கு ஓடும், நான் போனில் படித்துக்கொண்டிருப்பேன். கம்ப்யூட்டர், வயர்லெஸ், ரவுட்டர், எதைக் கேட்டாலும் சொல்வேன். தெருவில் யார் வீட்டில் நெட் வரவில்லை என்றாலும் நம்பிராசனைக் கூப்பிடு என்பார்கள். கூப்பிட்டுவிட்டு, அரை மணி நேரம் போனதும் ஏன் கூப்பிட்டோம் என்று முழிப்பார்கள், அது வேறு.

ஆனி மாசம் ஆவுடை வெளிநாட்டுக்குப் போனாள். ஒரு பெரிய வீட்டில் படுத்த படுக்கையான கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. இங்கே ஆஸ்பத்திரி வார்டில் பதினாலு வருசம் ஆயாவாக இருந்தவள், அவளுக்கு அது கை வந்த வேலை. ஆனால் எதற்குப் போனாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை அண்ணாச்சி. பிள்ளை குட்டி இல்லை, நாங்கள் இரண்டே பேர். நான் குடிக்க மாட்டேன், கை நீட்ட மாட்டேன். பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பேன், அவளோடு பேசிக்கொண்டுதான் இருப்பேன். 'ஏளா, இங்க என்ன கொறை?' என்று கேட்டேன். 'ஒரு கொறையும் இல்ல, போயிட்டு வாரேன்' என்றாள்.

அந்த நாட்டில் ஒரு சங்கடம். நாம் இங்கே பேசுகிற செயலிகளில் எழுத்து போகும், படம் போகும். பேச்சு மட்டும் போகாது, அடைத்து வைத்திருக்கிறார்கள். எழுதலாம் என்றால், அந்த வீட்டு மேடம் வேலைக்காரிகள் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறவள். மொழி தெரியாவிட்டால் என்ன, மொழிபெயர்த்துச் சொல்லத்தான் போனுக்குள்ளேயே ஆள் இருக்கிறதே. அதனால் நானே ஒரு வழி செய்தேன். பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, குரலையும் படத்தையும் கொண்டுபோகிற ஒரு புரோகிராமை இணையத்திலிருந்து இறக்கி, எங்கள் வீட்டையே ஒரு குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆக்கினேன். பதினோரு நாள் ஆயிற்று.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கிழவி தூங்குகிற நேரத்தில் ஆவுடை கூப்பிட்டாள். நமக்கு மணி நாலு. படம் வந்தது அண்ணாச்சி! அவள் முகம். 'ஹலோ, ஏங்க, கேக்குதா?' என்றாள். கேட்கிறது! நான் கத்துகிறேன், 'கேக்கு, கேக்கு, நல்லாக் கேக்கு!' பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வந்து நின்றுவிட்டார். அவளோ, 'ஹலோ? ஏங்க? ஒண்ணும் கேக்கலியே, படமும் வரல' என்கிறாள். உடனே எழுத்தில் தட்டினேன்: 'எனக்கு நல்லாக் கேக்கு. உனக்கு?' அவள் எழுதினாள்: 'எனக்குக் கேக்கல.' நான் எழுதினேன்: 'கவலைப்படாத, சரிபண்ணுதேன்.' அதற்கு அவள், 'அவசரமில்ல' என்று எழுதினாள். என் சிரமம் தெரிந்தவள், அதனால் அப்படி.

ஏன் அப்படி ஆயிற்று என்று கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், வெகு நாளாக யாருக்காவது சொல்ல வேண்டும் என்றிருக்கிறது. ஒவ்வொரு வீட்டு ரவுட்டருக்குள்ளும் ஒரு காவல்காரன் நிற்கிறான். ஃபயர்வால் என்பார்கள். உள்ளே இருக்கிறவள் எந்த வாசலுக்குக் கடிதம் போட்டாளோ, அந்த வாசலிலிருந்து பதில் வந்தால்தான் விடுவான். இப்போது ஆவுடையின் குரல் என் வீட்டுப் பத்தாம் நம்பர் வாசலுக்கு வருகிறது. அதை நான் திறந்து வைத்திருக்கிறேன், வந்துவிட்டது. என் குரல் வெளியே போக வேண்டும். என் வீட்டில் பெட்டி இரண்டு. கேபிள்காரர் மாட்டியது ஒன்று, நான் மாட்டியது ஒன்று. நான் மாட்டிய பெட்டி என்ன செய்கிறது, தன் இஷ்டத்துக்கு நாற்பத்தேழாம் நம்பர் என்று முத்திரை குத்தி அனுப்புகிறது. ஆவுடை பக்கம் நிற்கிற காவல்காரன் பார்க்கிறான். 'நாங்க எழுதுனது பத்தாம் நம்பருக்கு, நீ யாருடே நாப்பத்தேழு?' கிழித்துப் போட்டுவிடுகிறான். எங்கள் மோட்டார் குழாயில் ஒரு வால்வு உண்டு, தண்ணீரை ஒரு பக்கம் மட்டும்தான் விடும். அதே கதை.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சோதனை பண்ணுவதற்காகத் தினமும் நாலு மணிக்குக் கூப்பிடச் சொன்னேன். அவளும் தவறாமல் கூப்பிட்டாள். இரண்டு தடவை 'ஹலோ, ஹலோ' என்பாள். பதில் இல்லை என்றதும் போனை எதிர்த்தாற்போல் அலமாரியில் சாய்த்து வைத்துவிடுவாள். அணைக்க மறந்துவிடுவாள். என் குரல் அங்கே கேட்கவில்லை என்றால் அவள் குரலும் இங்கே கேட்காது என்றுதான் நினைத்திருப்பாள். இந்த நுணுக்கமெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்?

அந்த அறையில் அவளோடு இன்னொரு பெண். அல்மாஸ் என்று பெயர், எத்தியோப்பியாக்காரி, சமையலுக்கு இருப்பவள். ஆவுடை கட்டிலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே அந்த அல்மாஸிடம் பேச ஆரம்பிப்பாள். அண்ணாச்சி, என் ஆவுடை அவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கிழவி முதுகில் புண் வந்தது, பொட்டல ரொட்டி தொண்டையில் இறங்காதது, குளியலறைத் தண்ணீர் உப்புக் கரிப்பது, எல்லாம் சொல்வாள். அல்மாஸ் ஒரு வார்த்தை பதில் பேசி நான் கேட்டதில்லை. அவ்வளவு பொறுமையான பெண். சில நாள் அவள் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் தூரத்தில் கேட்கும், இவள் இங்கே பேசிக்கொண்டே இருப்பாள்.

என்னைப் பற்றியும் பேசினாள். ஒரு நாள் சொல்கிறாள், 'இங்க வந்த பொறவு காதுக்குள்ள ஒரு மாதிரியா இருந்திச்சு. என்னடா சீக்கான்னு பயந்துட்டேன். பொறவுதான் தெரிஞ்சுது, சத்தமில்லாம இருக்கு, அதான்னு.' இன்னொரு நாள், 'எங்கம்மை செத்த அன்னைக்கு ஆழ்வார்குறிச்சி போய்ச் சேருத வரைக்கும் கார்ல இவுக மோட்டார் காயில் எரிஞ்ச கதையத்தான் சொல்லிக்கிட்டு வந்தாக. அழக்கூட எடம் விடல' என்றாள். கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அழாமல் இருக்கட்டும் என்றுதானே நான் பேசினேன். அந்தக் காயில், மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள், அது எரிந்ததும் லேசான விஷயம் இல்லை, எப்படி எரிந்தது என்று சொன்னால் நீங்களே... சரி, அது கிடக்கட்டும்.

ஆடி முடிகிற நேரம். ஒரு நாள் 'ஹலோ, ஹலோ' இல்லை. போனை வைத்ததும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள், 'இந்தக் கதவுக்கு உள்தாப்பா கெடையாது. வந்த அன்னைக்கே பாத்தேன். அப்ப ஒண்ணும் தோணல. இப்பம் இந்த வீட்டு மகன் மத்தியானம் வாரான். கெழவி தூங்குதான்னு பாத்துட்டு வாரான். நேத்து வாசல்ல வந்து நின்னான். ஒண்ணும் பேசல, சிரிச்சிக்கிட்டு நின்னான். அல்மாஸும் நானும் கட்டில இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு இருக்கோம்.'

'ஏளா, ஏளா ஆவுடை!' என்று கத்தினேன். அவள் பாட்டுக்குத் தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரையைத் தட்டினேன். எழுதலாம் என்றால் மேடம் பார்ப்பாள், பார்த்தால் பழி இவள் மேல்தான் விழும். ஒரே வழி, என் குரல் அங்கே போக வேண்டும். சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஐந்து நாள். ராத்திரி மோட்டாரடியிலும் அதையேதான் படித்தேன். ஐந்தாம் நாள்தான் அந்தப் பத்து, நாற்பத்தேழு விவகாரம் புரிந்தது. ரவுட்டருக்குள் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. வெளியே போகும்போது வாசல் நம்பரை மாற்றாதே என்று அதற்கு அர்த்தம். அதில் ஒரு டிக் போட்டேன். ஒரே ஒரு டிக்.

நாலு மணிக்குக் கூப்பிட்டாள். 'ஹலோ' என்றாள். 'ஆவுடை!' என்றேன். திடுக்கிட்டுப் போனாள் அண்ணாச்சி. என் படமும் தெரிந்திருக்கிறது, முகம் அப்படியே நின்றுவிட்டது. சந்தோசம், வேறென்ன.

நாற்பது நிமிசம் பேசினேன். எப்படிக் கண்டுபிடித்தேன், எங்கே தப்பு, எல்லாம் சொன்னேன். கதவு விசயத்தை நேராகக் கேட்க முடியாது, ஒட்டுக் கேட்டேன் என்று ஆகிவிடும். அதனால் சுற்றி வளைத்துக் கேட்டேன். 'கதவத் தாப்பா போட்டுத்தான படுக்கே?' கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். 'ம்' என்றாள். 'பயம் கியம் ஒண்ணும் இல்லியே?' 'நல்லா இருக்கேன்.' அப்புறம் நான் தைரியமாக இருப்பது எப்படி என்று சொன்னேன். நம் நிலையத்துக்குள் பாம்பு வந்த கதையைச் சொன்னேன். 'ம்' என்றாள்.

மறுநாளும் 'நல்லா இருக்கேன்.' அன்றைக்குப் பத்து நிமிசம். அதற்கு அடுத்த நாள் மூன்று நிமிசம். போனைக் கையிலேயே பிடித்திருப்பாள், நெற்றி மட்டும் தெரியும், கதவு தெரியாது. பிறகு இரண்டு நாள் அழைப்பே இல்லை.

அந்த இரண்டு நாளைப் பற்றிக் கேட்காதீர்கள். நாலு மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கை கால் குளிர்ந்துவிடும். மார்கழிக் குளிரிலும் வெறும் வேட்டியோடு வேலை பார்க்கிறவன் நான், ஆவணிப் புழுக்கத்தில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு. அந்தக் கதவு மட்டும்தான் கண் முன்னால். இரண்டாம் நாள்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பேச்சு சரியான பிறகு எனக்கு ஒரு சேதியும் வரவில்லை. கெட்டுக் கிடந்தபோதுதான் எல்லாம் வந்தது.

டிக்கை எடுத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். மைக்கை அணைத்தால் போதாதா என்கிறீர்களா? அணைத்தால் அவள் திரையில் கோடு போட்ட மைக் படம் வரும், நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்று தெரிந்துவிடும். இது தானாகக் கெட்ட மாதிரி இருக்கும். எழுத்தில் அனுப்பினேன்: 'மறுபடியும் பழையபடி ஆயிட்டு. சோதனைக்குக் கூப்பிடு.'

இரண்டு நிமிசம் ஆகவில்லை, அழைப்பு வந்துவிட்டது.

அலமாரியில் சாய்த்து வைத்தாள். கட்டில் தெரிகிறது, கதவு தெரிகிறது. கட்டிலைக் கதவோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். அல்மாஸ் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆவுடை போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பேசுகிறாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. 'பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. நேத்து அல்மாஸ் கையப் பிடிச்சி இழுத்துட்டான். சட்ட கிழிஞ்சிட்டு. பாஸ்போர்ட்டு மேடம் அலமாரிக்குள்ள இருக்கு. நம்ம நாட்டு ஆபீஸ்ல உதவிக்கு ஒரு நம்பர் இருக்கு, மருந்துக்கடைல வேல பாக்குத மலையாளத்துப் பையன் குடுத்தான். எங்களால இங்கேருந்து பேச முடியாது, கூப்பிட்ட நம்பரெல்லாம் மேடம் பாத்திருவா. ஊர்லேருந்து யாராவது பேசுனா வருவாங்களாம்.' அந்த நம்பரைச் சொன்னாள், ஒவ்வொரு எண்ணாக. 'இன்னொரு தடவ சொல்லுதேன்' என்று மறுபடியும் சொன்னாள். வீட்டு அடையாளமும் சொன்னாள். மருந்துக்கடைக்கு எதிர்த்தாற்போல, நீலக் கேட்டு, மூணாவது வீடு. 'ரெண்டு பேரு இருக்கோம்னு சொல்லணும். ரெண்டு பேரு.'

நான் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டேன். அப்போதுதான் பார்த்தேன். அவளுக்குப் பின்னால், கதவின் கைப்பிடி கீழே இறங்குகிறது.

சத்தமே இல்லாமல் இறங்கியது அண்ணாச்சி. அவள் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். எனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருசம் கத்தியவன், அன்றைக்கு எனக்குக் குரலே எழும்பவில்லை. எழும்பினாலும் போகாது. நானேதானே டிக்கை எடுத்தேன். கட்டில் ஒரு சாண் நகர்ந்தது. அல்மாஸ் காலைத் தரையில் ஊன்றிக் கட்டிலைத் திரும்பக் கதவோடு தள்ளினாள். ஆவுடை திரும்பிப் பார்த்தாள். ஓடிப்போய் அவளும் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். இரண்டு பெண்களும் அப்படியே. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கைப்பிடி மேலே போயிற்று. ஆவுடை கட்டிலில் இருந்தபடியே போனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உடனே அந்த நம்பருக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள், நல்ல பெண். எனக்கு இந்தச் சேதி எப்படிக் கிடைத்தது என்று முதலில் விளக்க வேண்டும் அல்லவா, ரவுட்டரிலிருந்து ஆரம்பித்தேன். அந்தப் பெண், 'சார், அட்ரஸ் மட்டும் சொல்லுங்க சார்' என்றாள். சொன்னேன். ரெண்டு பேரு என்றும் சொன்னேன். மூன்றாம் நாள் ஆட்கள் போய் இரண்டு பேரையும் கூட்டி வந்துவிட்டார்கள். காகிதங்கள் சரியாகிற வரை ஒரு விடுதியில் வைத்திருந்தார்கள். அல்மாஸ் போன வாரமே ஊருக்குப் போய்விட்டாள். ஆவுடைக்கு இன்றைக்கு.

என்ன கேட்டீர்கள்? அல்மாஸுக்குத் தமிழ் தெரியுமா என்றா?

அது எப்படித் தெரியும். அவள் எத்தியோப்பியாக்காரி. அரபி தெரியும், அவர்கள் பாஷை ஒன்று தெரியும்.

ஆவுடைக்கும் தமிழைத் தவிர வேறு தெரியாதுதான். இரண்டு மாசத்தில் அரபியில் தண்ணீர், மருந்து, சரி, அவ்வளவுதான் சொல்வாள்.

இல்லை, நீங்கள் கேட்பது... பெண்கள் அப்படித்தான் அண்ணாச்சி, ஒருத்தி பேசினால் ஒருத்திக்குப் புரிந்துவிடும். பாஷை எதற்கு? நம்பரா? நம்பரை இரண்டு தடவை சொல்வது அவள் பழக்கம். வார்டில் மருந்துச் சீட்டு பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

அப்படித்தான் இருக்கும்.

மணி ஒன்றாகப் போகிறது. நீங்கள் ஒன்றைக் கேட்டு என்னைக் குழப்பிவிட்டீர்கள். என் பயம் வேறு. அவள் ஏறியிருக்க வேண்டுமே, அது ஒரு பயம். ஏறி, வந்து, என் எதிரே நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம்? சொல்ல வேண்டியதெல்லாம் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், இதோ, பதினாலு இருக்கிறது. நான் பதினாலையும் சொல்வேன். அவள் 'நல்லா இருக்கேன்' என்பாள். வீட்டுக்குப் போய் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கேட்குமே அண்ணாச்சி. அங்கே நான் எந்த டிக்கை எடுப்பேன்?

இருங்கள். அடிக்கிறது. போன்தான், பஸ் இல்லை. யாருடையதோ நம்பர், கேரளா நம்பர். கை வரமாட்டேன் என்கிறதே, இந்தப் பொத்தானை நீங்களே கொஞ்சம்... ஆங்.

அவள்தான். அவள் குரல்தான். வந்துவிட்டாள். 'ஏங்க, கேக்குதா?' என்கிறாள்.

கேட்கிறது என்று சொல்லச் சொல்லி ஜாடை காட்டாதீர்கள். போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறேன், பார்க்கவில்லையா? மறுபடியும் கேட்கிறாள்.

நிறுத்திவிட்டாள். மூச்சு மட்டும் கேட்கிறது. வைத்துவிடுவாளோ?

இல்லை, வைக்கவில்லை. நீங்களும் சத்தம் காட்டாதீர்கள் அண்ணாச்சி. பேச ஆரம்பித்துவிட்டாள்.